மகளிடம் கேளுங்கள்

அப்பாவின் விறைத்த கையைச் சட்டைக்குள் நுழைக்க முடியாமல் அவள் திணறிக்கொண்டிருந்தாள். "கொஞ்சம் மடக்குங்கப்பா" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருஷம் கிறிஸ்தவ சபையில் மூப்பராக இருந்தவர். பிழைப்புக்கு லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியிலிருந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். சபையிலும் அப்படித்தான் இருந்தார் என்று கூடத்தில் யாரோ சொல்வது கேட்டது.

அங்கே அவள் கணவர், வந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். அழகாக ஜெபிக்கிறவர். அடுத்த மூப்பர் அவர்தான் என்று சபையே பேசிக்கொண்டது. அவளிடம் அவர் பேசி நாற்பது நாள் ஆகிறது. விருந்தாளிகள் முன்னால் அவர் தப்பாகச் சொன்ன ஒரு தேதியை அவள் திருத்திவிட்டாள். அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அப்பா கேட்டார்.

"மாப்பிள்ளை பேரைச் சிபாரிசு பண்ணச் சொல்றாங்க. வீட்ல எப்படிம்மா இருக்கார்?"

"நல்லாத்தான் இருக்கார்ப்பா."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனா கேட்டார். நாலு வரி எழுதி மடித்து, போதகரிடம் கொடுத்தனுப்பச் சொன்னார். சாயங்காலம் மூச்சு அடங்கியது.

அவள் சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது போதகர் உள்ளே வந்தார்.

"இன்னைக்குக் கேக்கக் கூடாதும்மா. ஆனா ஞாயித்துக்கிழமை பேர் வாசிச்சாகணும். அப்பா எழுதினதை நீயே படிச்சுப் பாரு."

எழுத்து கோணல் மாணலாக இருந்தது. 'மாப்பிள்ளையைப் பற்றி என் மகளிடம் கேளுங்கள். நான் வருத்தப்படுவேன் என்று என்னிடம் மறைத்துவிட்டாள். நான் போன பிறகு சொல்வாள்.'

அவள் குழாயை மூடினாள்.

"நாப்பது நாளா என்கூடப் பேசலை ஐயா. போன வருஷம் ரெண்டு மாசம். அப்பாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு போன் வந்தப்பகூட, காகிதத்துல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டுப் போயிட்டார்."

சமையலறை வாசலில் கணவர் வந்து நின்றார்.

"என்னம்மா, ஏதாவது சாப்பிட்டியா?"

குரல் அவ்வளவு இதமாக இருந்தது. தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று அவள் திரும்பிப் பார்த்தாள். போதகர் தலையை நிமிர்த்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதிய மூப்பர்களின் பட்டியல் வாசிக்கப்பட்டது. கணவரின் பெயர் அதில் இல்லை. ஆராதனை முடிந்ததும் அவர் எல்லோரிடமும் சிரித்துக் கைகுலுக்கினார். பஸ் நிறுத்தம்வரை முன்னால் வேகமாக நடந்தார். அங்கே வேறு யாரும் இல்லை.

"போதகர்கிட்ட என்ன சொன்ன?"

"கேட்டாங்க. உள்ளதைச் சொன்னேன்."

அவர் பெஞ்சின் ஓரத்தில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரத் தாராளமாக இடம் இருந்தது. அவள் நின்றபடியே பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.