தப்பு மேசை

புதுசாகச் சேர்ந்த கவியா துளை போட்ட இரும்புத் தாங்கியைக் காலையிலேயே தப்பு மேசையில் வைத்து, பக்கத்தில் அவள் பெயரைச் சாக்பீஸால் எழுதிவிட்டார் சூப்பர்வைசர். பாடாலூர் தாண்டி இருக்கும் எங்கள் கம்பெனியில் சிமெண்ட் ஆலைகளுக்கான கன்வேயர் பெல்ட் சாமான்கள் செய்கிறோம். வேலை கெட்டால், கெடுத்தவர் பெயரோடு அந்தச் சாமான் கேட் அருகே மேசையில் ஒரு வாரம் இருக்கும். சாமி கும்பிட வந்தவர்கள் போலச் சிலர் நின்று வேறு பார்ப்பார்கள்.

தாங்கிகள் ஜோடியாகப் போக வேண்டும். இடப் பக்கத்துக்கு ஒன்று, வலப் பக்கத்துக்கு ஒன்று. கவியா இரண்டையும் வலப் பக்கத்துக்கே துளை போட்டுவிட்டாள். ஒரு ஜோடிச் செருப்பில் இரண்டும் வலது காலுக்கு வந்த கதைதான். இந்த மாதம் அவளை நிரந்தரம் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். மேசையில் பெயர் ஏறிய புதுசுகளை அனுப்பிவிடுவதுதான் வழக்கம்.

நேற்று நான் அவள் பக்கத்தில் நின்று கிரைண்டிங் செய்துகொண்டிருந்தேன். மேனேஜர் அரங்கநாதன் சார் அவசரமாக வந்து, “ரெண்டையும் இதே மாதிரி போட்டுரும்மா, லாரி நிக்குது” என்று சொன்னதை இந்தக் காதால் கேட்டேன். கவியாவுக்குச் சந்தேகம் இருந்தது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் இங்கே மேனேஜரிடம் திருப்பிக் கேட்கிற பழக்கம் ஒருத்தருக்கும் கிடையாது.

“சாருதான் சொன்னாருன்னு சொல்லேன்டி” என்றேன் கவியாவிடம்.

“வேணாங்க்கா. சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா? இருக்குற வரைக்கும் நிம்மதியா இருந்துட்டுப் போறேன்.”

மத்தியானம் கேண்டீனில் தொழிலாளர் கூட்டம். சென்னை ஆபீஸிலிருந்து வந்த மேடம், “கம்பெனியப் பத்தி மனசுல இருக்கறத பயப்படாம சொல்லுங்க” என்றார். அரங்கநாதன் சாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பயப்படாதே என்றால் எவன் வாயைத் திறப்பான்? லேத் மெஷின் அறிவழகன் எழுந்து, “எல்லாம் நல்லாருக்குங்க. சாம்பாருதான் கொஞ்சம் தண்ணியா இருக்கு” என்றார். ஆகா, என்ன வீரம்!

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

“அந்தத் தாங்கிய அப்படிப் போடச் சொன்னது சாருங்க. நான் காதால கேட்டேன். மேசையில இருக்கறது புள்ள பேரு. இது நாயமாங்க?”

போச்சு, நானும் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அரங்கநாதன் சார் எழுந்தார். “ஆமா, நான்தான் சொன்னேன். காலையில அந்த மேசையத் தாண்டித்தான் உள்ள வந்தேன். பாத்துக்கிட்டேதான் வந்தேன்.”

வெளியே நடந்தார். கூட்டமே பின்னால் போனது. மேசை முன்னால் குனிந்து, கவியாவின் பெயரை உள்ளங்கையால் துடைத்தார். சூப்பர்வைசரிடம் சாக்பீஸ் வாங்கி, அதே இடத்தில் தன் பெயரை எழுதினார்.

அடேயப்பா! இத்தனை வருஷத்தில் மேலே இருக்கிற ஒருவர் தன் தப்பைத் தன்னது என்று சொல்லி நான் பார்த்ததே இல்லை. கவியாவின் வேலை என்னவாகும் என்று மட்டும் இன்னும் தெரியவில்லை. மேடமும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் அடுத்த வேலைக்கான தகடுகள் வந்தன. கவியா துளை மெஷினை ஓட விட்டாள்; ஒரு தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்; மெஷினை நிறுத்திவிட்டாள். சத்தம் நின்றதும் எல்லோரும் திரும்பினோம்.

“மலர்க்கொடிக்கா, இதுல எந்தப் பக்கம் போடணும்னு எனக்குப் புரியல. சாரையே கேட்டுட்டு வந்துடறேன்.”

தகட்டை இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு, கூப்பிட்டாலொழிய எங்களில் யாரும் ஏறாத, சார் ரூமுக்குப் போகும் மாடிப்படியில் அவள் ஏற ஆரம்பித்தாள்.