சாட்சிக்கு வைத்த தண்ணீர்

அமீரகத்தின் அல் ஐன் நகரில் நான் சரித்திரம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில், வருஷா வருஷம் ஒரு பழைய வழக்கைப் பிள்ளைகள் வகுப்பில் நடத்திக் காட்ட வேண்டும். இந்தமுறை இருநூறு வருஷத்துக்கு முந்தைய அமெரிக்க எல்லைப்புறம். குடியேற வந்த வெள்ளைக்காரன் செரோக்கி என்ற பழங்குடிப் பெண் ஒருத்தியைச் சுட்டுக் கொன்றுவிட்டான். பார்த்தது அவள் தங்கை மட்டும். ஆனால் வெள்ளைக்காரனுக்கு எதிராகச் செரோக்கிகள் சொல்லும் சாட்சி அந்தக் கோர்ட்டில் செல்லாது. அதனால் தங்கையின் நாற்காலியைக் காலியாக விட்டு, ஒரு சிவப்புச் சால்வையைப் போர்த்தி, சாட்சிக்கு வைப்பதுபோல் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்தேன்.

வகுப்பறையைக் கூட்டித் துடைக்கும் சிவகொழுந்து அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

“ஆருக்கு ரீச்சர் தண்ணி வைச்சிருக்கிறியள்?”

“ஒரு பொண்ணைச் சுட்டுட்டாங்க அக்கா. வெள்ளிக்கிழமை விசாரணை.” பேப்பர் திருத்தும் அவசரம் எனக்கு.

மறுநாள் கிளாஸின் பக்கத்தில் இரண்டு பிஸ்கட் இருந்தன. எரிச்சலாக வந்தது. எறும்பு வந்தால் பிரின்சிபாலிடம் யார் திட்டு வாங்குவது? அக்காவைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“என்ர மகன் துவாரகனையும் சுட்டவங்கள், ரீச்சர். வழக்கே நடக்கேல்ல. இந்தப் பிள்ளைக்காவது நடக்குதே.”

செத்தவர்களுக்குத் தண்ணீர் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். நான் வைத்ததும் அதுதான் என்று நினைத்திருக்கிறார். பழைய கதை அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் பிஸ்கட்டை அப்படியே விட்டுவிட்டுப் பேப்பர் திருத்தப் போனேன்.

வெள்ளிக்கிழமை என் பிள்ளைகள் சட்டத்தை ஓர் எழுத்து விடாமல் பின்பற்றினார்கள். சாட்சி இல்லை. “நாட் கில்டி!” கைதட்டல் வேறு. நான் சொல்லிக்கொடுத்த பாடம்தானே, யாரைத் திட்டுவது?

மணி அடித்ததும் சால்வையை மடித்தேன். வாசலில் துடைப்பத்தோடு அக்கா.

“என்ன தீர்ப்பு ரீச்சர்?”

“விட்டுட்டாங்க அக்கா.” அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் மீதியையும் சொன்னேன். “இது இப்ப நடந்ததில்ல. இருநூறு வருஷம் ஆச்சு. நாங்க சும்மா நடத்திப் பார்த்தோம்.”

“இருநூறு வருசமோ?” என்றார். “அவ்வளவு காலமும் தாகத்தோடயோ நிக்கிறா?”

என் கையிலிருந்த சால்வையை வாங்கி மறுபடியும் நாற்காலியில் போர்த்தினார். நான் தடுக்கவில்லை.

திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது அதன் பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்தது, இன்னொரு கிளாஸும். இரண்டிலும் தண்ணீர் குறைந்திருந்தது. ஏசி காற்றில் வற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டையும் நிரப்பிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினேன்.