நொட்டை சொல்ல முடியாத சைக்கிள்

ரெடிமேட் சட்டைத் தொழிற்சாலையில் எனக்கு வேலையே குறை கண்டுபிடிப்பதுதான். தைத்து வரும் சட்டைகளை விளக்கடியில் விரித்துப் பார்த்து, ஒரே ஒரு தையல் தவறியிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவேன். தைப்பவர்கள் என் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் ‘நொட்டை’. வீட்டிலும் அதே பெயர்தான், முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையில் மண் விழ!

அண்ணன் என்னைவிட இரண்டே வயது மூத்தவன். அவனை இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அண்ணியுடையது பொருந்தவில்லை, என்னுடையது பொருந்தியது. ரிசல்ட் வந்த அன்று, “என் கிட்னி உனக்குத்தாண்ணா, கவலைய விடு” என்று ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னவன் நான்தான். கழுத்தில் யாரும் கத்தி வைக்கவில்லை. டாக்டர் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பன்னெண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, மூணு மாசம் டைம். வீட்லயே ஒரு எக்சர்சைஸ் சைக்கிள் வாங்கிப் போட்டு தினமும் ஓட்டுங்க” என்றார்.

அந்த மூன்று மாதத்தில் ஏழு வாரம் ஓடிவிட்டது. நான் இன்னும் சைக்கிளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தேன்.

முதல் கடையில் சீட் கல்லு மாதிரி இருந்தது. இரண்டாவது கடையில் ஹேண்டில் ஆடியது. ஒரு நட்டை முறுக்கினால் போதும் என்று கடைக்காரர் முறுக்கியே காட்டினார். “இன்னைக்கு நட்டு, நாளைக்கு என்னவோ?” என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். மூன்றாவது கடையில் இருந்தது முதுகைச் சாய்த்துக்கொண்டு ஓட்டுவது, எங்கள் கூடத்தில் அடங்காது. நான்காவது கடையில் சக்கரத்தை ஒரு கட்டை உரசி இறுக்கம் கொடுக்கும் வகை, கட்டை சீக்கிரம் தேய்ந்துவிடும். இவ்வளவும் உண்மை. அதுதான் இதில் பெரிய கேவலம். பொய் சொல்லியிருந்தால் யாராவது என்னைப் பிடித்திருப்பார்கள். அண்ணியோ, “அவசரப்படாதீங்க, நீங்க பார்த்து எடுத்தா சரியா இருக்கும்” என்றார்.

நடந்தது இதுதான். அப்படி வாக்குக் கொடுத்த பிறகு, இன்னொரு டெஸ்ட் எடுக்கும்போது ஒரு நர்ஸ் தன் இடுப்பில் விரலால் கோடு இழுத்து, “இங்கேருந்து இது வரைக்கும் திறப்பாங்க” என்று சாதாரணமாகச் சொன்னாள். அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. எடை குறைந்தால் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பார்கள். சைக்கிள் வந்தால் எடை குறையும். சைக்கிள் வராத வரைக்கும் நான் நல்ல தம்பியாகவும் இருக்கலாம், உடம்பில் ஒரு கீறல் படாமலும் இருக்கலாம்.

ஐந்தாவது கடைக்கும் அண்ணன் கூடவே வந்தான். எல்லாக் கடைக்கும் வந்தான். டயாலிசிஸ் இல்லாத நாளாகப் பார்த்துச் சட்டையைப் போட்டுக்கொண்டு, “வாடா போலாம்” என்று அவனே கூப்பிடுவான். கடையில் ஒரு ஸ்டூலைத் தேடி உட்கார்ந்துகொண்டு நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

“இது காந்தத்துல ஓடறது சார். உரசல் கிடையாது, தேய்மானம் கிடையாது. நூத்தி முப்பது கிலோ வரைக்கும் தாங்கும்” என்றார் சேல்ஸ்மேன்.

சீட்டை அழுத்தினேன், மெத்தென்று இருந்தது. ஹேண்டிலைப் பிடித்து உலுக்கினேன், அசையவில்லை. அகலம் அளந்தேன், கூடத்து மூலையில் கச்சிதமாக உட்காரும். குனிந்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகப் பார்த்தேன். நாசமாய்ப் போக, ஒன்றுகூடச் சிக்கவில்லை! எனக்கு வியர்த்துவிட்டது.

“சத்தம் வருமே” என்றேன்.

“வரவே வராது சார்.”

“ஆள் ஏறி ஓட்டினாத்தான் தெரியும். கீழ் வீட்ல குடியிருக்காங்க, நாளைக்கு யாரு அவங்ககிட்ட பேச்சு வாங்கறது?”

“ஏறி ஓட்டித்தான் பாருங்களேன்.”

“நானே ஓட்டினா எனக்கு என்ன தெரியும்? தள்ளி நின்னு கேக்கணும்.”

சேல்ஸ்மேனுக்கு போன் வந்தது. “ஒரு நிமிஷம் சார்” என்று காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார். அதற்குள் அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டான். “நான் ஓட்டறேன், நீ கேளு” என்றான்.

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

செருப்போடு பெடல் வாரில் கால் நுழையவில்லை, பாதம் அவ்வளவு வீங்கியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். சக்கரம் சுற்றியது. நான் நாலடி தள்ளி நின்று, தொழிற்சாலையில் மிஷின் சத்தம் கேட்பவன் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டேன். சைக்கிளிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. அவன் மூச்சுதான் கேட்டது.

“சத்தமே இல்லல்ல? இதையே எடுத்துக்கடா” என்றான், இரைத்துக்கொண்டே.

“இன்னும் கொஞ்சம் வேகமா ஓட்டு” என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அவனும் ஓட்டினான். நெற்றி முழுக்க வியர்வை, உதடு வெளுத்துவிட்டது, கால் மட்டும் நிற்கவில்லை. நான் அப்போதும் சத்தத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். தூரத்தில் நின்ற சேல்ஸ்மேன்தான் போனை வைத்துவிட்டு ஓடிவந்தார். “என்ன சார் பார்த்துட்டு நிக்கறீங்க? அவருக்கு முடியல, இறக்குங்க!”

இருவரும் தாங்கிப் பிடித்து அவனை ஸ்டூலில் உட்கார வைத்தோம். சேல்ஸ்மேன் தண்ணீர் கொண்டுவந்தார். அண்ணனுக்குத் தண்ணீர்கூட அளவுதான், ஒரே ஒரு வாய் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். கடையில் இருந்த நாலு பேர் என்னைப் பார்த்தார்கள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. செருப்பை எடுத்துக்கொண்டு அவன் காலடியில் குனிந்தேன். பாதத்தைப் பிடித்த இடத்தில் என் கட்டைவிரல் பதிந்து குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது மேலே எழும்பவில்லை.

“அண்ணா, எனக்கு பயமா இருக்குண்ணா” என்றேன்.

“தெரியும்டா.”

“எப்போலேருந்து?”

“ரெண்டாவது கடையிலேருந்து. முறுக்கின நட்டுக்கு நொட்டை சொன்ன பாரு.”

“தெரிஞ்சும் ஏண்ணா இந்தக் காலை வெச்சுக்கிட்டு என்கூட அலைஞ்ச?”

அவன் மூச்சு சீரானதும், தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

“பயமா இருந்தா வேணாம்டான்னு சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் கெளம்பி வந்தேன். வாய் வரல. எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருக்குடா.”

திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன் மாதிரி அதைச் சொன்னான். உயிரோடு இருக்க ஆசைப்பட்டதற்கு என் அண்ணன் என்னிடம் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தான். நான் ஏழு வாரம் இழுத்தடித்ததில் அவனை இந்தக் கதிக்குக் கொண்டுவந்து விட்டிருந்தேன்.

“இந்த சைக்கிளை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுங்க” என்றேன் சேல்ஸ்மேனிடம். பயம் எங்கேயும் போய்விடவில்லை. அண்ணன் நிமிர்ந்து ஒரு தடவை என் முகத்தைப் பார்த்தால் போதும் என்று, அவன் காலடியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் நிமிரவில்லை.