டிஷ் திருப்பிய ஞாயிற்றுக்கிழமை

உத்திரமேரூர் பஜாரில் டிஷ்ஷும் பாக்ஸும் கொடுத்த கடைக்காரர் முனிரத்தினம் ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லித்தான் அனுப்பினார். மாதச் சந்தா கிடையாது, அரசு சேனல்கள் எல்லாம் சும்மாவே வரும். டிஷ்ஷைத் தென்கிழக்கே வானத்தைப் பார்த்து வைக்க வேண்டும். நகம் அளவு திருப்பிவிட்டுப் பத்து வரை எண்ண வேண்டும். பாக்ஸ் சிக்னலைப் பிடித்துப் படம் காட்ட அவ்வளவு நேரமாகும்.

பெரியசாமி பலமாகத் தலையாட்டினார். ஆனால் காவாந்தண்டலத்தில் அவரை அறிந்த யாரும் அவர் பத்து வரை எண்ணுவார் என்று நம்பமாட்டார்கள். சோறு வேகும் முன்பே இலை போட்டு உட்காருகிற ஆள். மகள் சந்தியா நர்ஸிங் படிக்கக் காஞ்சிபுரம் கிளம்பிய அன்று, நைனாவிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். காது கொடுக்காமல் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு கழனிக்குப் போய்விட்டார். அதோடு எட்டு மாதமாக அப்பனுக்கும் மகளுக்கும் பேச்சில்லை.

போன வாரம் அவள் தன் அம்மா அங்கம்மாளுக்குப் போன் செய்தாள். ஞாயிறு காலை பத்து மணிக்கு அரசு சேனலில் மாணவிகள் பேசும் அரைமணி நிகழ்ச்சி, அதில் அவளும் உண்டு. அன்றைக்கு நைனாவிடம் சொல்ல வந்ததை அதில் சொல்லியிருக்கிறாளாம். ஒரே முறைதான் போடுவார்கள். இதைக் கேட்டதிலிருந்து மனுஷனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுத் திலகா, தங்கள் வீட்டு டிவியில் வந்து பார்க்கும்படி கூப்பிட்டாள். என் மகளை என் வீட்டில்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை.

ஞாயிறு எட்டு மணிக்கே மொட்டைமாடியில் டிஷ்ஷைப் பொருத்திவிட்டார். கீழே டிவி முன்னால் அங்கம்மாள். அவர் திருப்புவார். மூன்று எண்ணுவதற்குள், வந்துச்சா என்று கேட்பார். அவள் வாய் திறப்பதற்குள் மறுபடி திருப்புவார். வந்துவிட்டது என்று அவள் கத்தும்போது டிஷ் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். இப்படியே ஒன்பதரை ஆனது. திலகா வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று அங்கம்மாள் கெஞ்சினாள்.

"தோ, இப்ப வந்துரும். நீ அங்கயே நில்லு."

பத்தானது, பத்தேகாலானது. அவளும் போகாமல் அவருக்காக அங்கேயே நின்றாள்.

பத்தரைக்குக் கை சோர்ந்து, டிஷ்ஷை விட்டுவிட்டு மாடியிலேயே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து டிவி சத்தம் கேட்டது. விழுந்தடித்து இறங்கினார். படம் பளிச்சென்று தெரிந்தது. யாரோ ஒருவர் நெல்லுக்கு உரம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அங்கம்மாள் இவர் பக்கம் திரும்பவே இல்லை.

போன் அடித்தது. அவள் எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"நைனா, பாத்தியா?" என்றாள் சந்தியா. எட்டு மாதம் கழித்துக் கேட்கிற குரல்.

"பாத்தேம்மா. நல்லா பேசுன."

"அப்ப நான் கேட்டதுக்கு இன்னா சொல்ற?"

என்ன கேட்டாள்? உரக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். திலகா வீடு பத்தடி தூரம்தானே, போயிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"பாக்கலம்மா. பொய் சொன்னேன். நீயே இன்னொரு தபா சொல்லு. முழுசா கேக்கறேன்."

போனைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு அவள் சொல்லக் காத்திருந்தார். பெரியசாமி அவசரப்படாமல் எண்ணினார். பத்து தாண்டியது, இருபது தாண்டியது. அவள் எப்போதோ போனை வைத்துவிட்டாள் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது.