ஆறு மணி வயிற்றுவலி

பஸ் ஓட்டும்போது மனுஷர் பரம சாது. பிரிந்துபோன மனைவியைக் கண்டால்தான் மூக்குமேல் கோபம் வந்துவிடும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. சனி, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்கு, மகளைக் கைமாற்றும்போது அவள் வீட்டு கேட்டருகே இருவரும் நடத்தும் கச்சேரி தெருவுக்கே தெரியும்.

இப்போது அந்த வார இறுதிக்கே வேட்டு. அப்பாவிடம் போகும் நேரம் வந்தாலே பாப்பாவுக்கு வயிற்றுவலி, இனிமேல் அனுப்ப மாட்டேன் என்று சமரச மையத்தில் அவள் அடித்துச் சொல்லிவிட்டாள். உன்னிடம் திரும்பும்போதும்தான் வலிக்கிறது என்று இவர் கத்தினார். உள்ளுக்குள் ஆடிப்போயிருந்தார். வாரம் முழுக்க அவர் பஸ் ஓட்டியதே அந்த ஒரு நாளுக்காகத்தான்.

அங்கே மத்தியஸ்தம் செய்த அம்மாள் யார் பக்கமும் சாயவில்லை. இன்னும் நாலு வாரத்துக்கு வழக்கம்போலவே அனுப்புங்கள், வலி வரும் நேரத்தை இருவரும் தனித்தனியே எழுதி வாருங்கள் என்றார். இவருக்கா சொல்லித்தர வேண்டும்? எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்குப் போனோம் என்று பதினைந்து வருஷமாக எழுதுகிற கை. அவளோ ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள், நிமிஷம் பிசகாமல் எழுதினாள்.

இன்றைக்கு இவளை ஒரு கை பார்த்துவிடலாம் என்றுதான் தாளும் கையுமாகப் போனார். மேஜையில் இரண்டு தாளையும் அருகருகே வைத்தார் அந்த அம்மா. அவள் தாளில் எல்லாம் சனி, ஐந்து நாற்பது. இவர் தாளில் எல்லாம் ஞாயிறு, ஐந்து நாற்பது. வேறு எந்த நேரத்திலும் வலி இல்லை.

அவள் இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவளுக்கு உங்ககிட்ட வரவும் பயமில்லை, என்கிட்ட வரவும் பயமில்லை," என்றாள் அவள். "நம்ம ரெண்டு பேரையும் கேட்டுல ஒண்ணா பார்க்கத்தான் பயம்."

இவருக்கு வெட்கத்தில் கண் நிறைந்துவிட்டது.

அன்றே பேசி முடித்தார்கள். வெள்ளி சாயங்காலம் பள்ளியிலிருந்து அவர் கூட்டிப்போவது, திங்கள் காலை பள்ளியிலேயே விடுவது. கேட்டுக்கு ஒரு கும்பிடு. சொல்ல வேண்டியதை எழுத, புத்தகப் பையில் ஒரு நோட்டு.

முதல் ஞாயிறு ஐந்தரைக்கே பேனாவோடு உட்கார்ந்துவிட்டார். ஐந்து நாற்பது போனது. ஆறும் அடித்தது. படம் வரைந்துகொண்டிருந்த பாப்பா நிமிர்ந்து, "அப்பா, பசிக்குது," என்றாள்.

'ஞாயிறு 6:00. வலி இல்லை. பசி' என்று நோட்டில் எழுதினார்.

அடுத்த வெள்ளி நோட்டைத் திறந்தால், அதன் கீழே அவள் கையெழுத்து: 'இங்கேயும் நல்லா சாப்பிடுறா. நீங்க கூட்டிட்டுப் போகப்போறீங்கன்னு காலையிலிருந்தே குதிக்கிறா.'