மறுபடி தேடு

மருத்துவமனையின் கணினி அறையில் அவருக்குச் சர்வஞானி என்று பெயர். காதில் விழும்படியேதான் சொன்னார்கள். பாராட்டுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அன்று சர்வஞானிக்குச் சின்ன வேலைதான். ஸ்கேன் படங்களைச் சேமிக்கும் பழைய பெட்டிகள் நிரம்பி வழியும் நிலையில் இருந்தன. புதுப் பெட்டி ஒன்றை வாங்கி மாட்டியாயிற்று. எல்லாப் பெட்டிகளையும் கட்டி மேய்க்கும் மென்பொருள் அதைக் கண்டுபிடித்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டால் போதும். சேர்க்காவிட்டால் சாயங்காலத்துக்குள் இடம் தீர்ந்து, ஸ்கேன் அறையை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான். "காபி ஆறுறதுக்குள்ள முடிச்சிடறேன் சார்" என்று மேலாளரிடம் மார்தட்டியிருந்தார்.

காபி ஆறி ஆடை கட்டியது. மென்பொருள், "சாதனம் எதுவும் கிடைக்கவில்லை" என்றது. "மறுபடி தேடு" என்ற பொத்தானை அமுக்கினார். கிடைக்கவில்லை. உற்றுப் பார்த்தால், அவர் கொடுத்திருந்தது பழைய பெட்டியின் பாஸ்வேர்ட். உடனே திருத்தினார். தன் தப்பைத் தானே பிடித்துவிட்ட பெருமையோடு மறுபடி அமுக்கினார். அப்போதும் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் மனிதர் சும்மா இருந்தால்தானே! கேபிளை மாற்றிவிட்டு அமுக்கினார். நெட்வொர்க் ஆளைக் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்துவிட்டு அமுக்கினார். மென்பொருளை அணைத்து எழுப்பி அமுக்கினார். யாரும் பார்க்காதபோது பெட்டியை லேசாக ஒரு தட்டுத் தட்டிவிட்டும் அமுக்கிப் பார்த்தார். பெட்டி பச்சை விளக்கோடு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பெட்டியை விற்ற நிறுவனத்தின் பொறியாளரைக் கூப்பிட்டால் தீர்ந்தது. அங்கேதான் இடித்தது. அந்தப் பொறியாளர் சர்வஞானி மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். 'பெட்டி மாட்டுற ஆளு' என்று அந்த அண்ணனைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்து வாரியிருக்கிறார் சர்வஞானி. இப்படியொரு உறவு இருப்பதாக அலுவலகத்தில் மூச்சுக்கூட விட்டதில்லை. அந்த மனிதரிடம் போய்க் கைகட்டி நிற்பதா?

மதியம் தாண்டியதும் ஸ்கேன் அறையிலிருந்து போன் வந்தது. "சார், வெளியில இன்னும் கூட்டமா உக்காந்திருக்காங்க. இடம் தீரப்போகுதுன்னு காட்டுது. வீட்டுக்குப் போகச் சொல்லவா?"

வீம்பை விழுங்கிக்கொண்டு கூப்பிட்டார். மைத்துனர் வந்து சேரும்வரையிலும் அமுக்கிக்கொண்டேதான் இருந்தார்.

"மொதல்ல பாஸ்வேர்ட் தப்பாப் போட்டீங்களா மாப்ள?"

"போட்டேன். உடனே திருத்திட்டேனே!"

"அதுக்குள்ள பெட்டி கதவைச் சாத்திக்கிச்சு. அரை மணி நேரம் யாரும் தட்டலைன்னாதான் திறக்கும். நடுவுல பொத்தானை அமுக்கித் தட்டினா அரை மணி திரும்ப மொதல்லேருந்து ஆரம்பிக்கும். சரியான பாஸ்வேர்டா இருந்தாலும் அப்படித்தான். எத்தனை தடவை அமுக்குனீங்க?"

"ஏதோ... அப்பப்ப."

மைத்துனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

காலையில் திருத்திய கையோடு போய்ப் படுத்துத் தூங்கியிருந்தால் எப்போதோ முடிந்திருக்கும் வேலை. இத்தனை வருட அனுபவத்தையும் திரட்டி, அது முடியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார் சர்வஞானி.

"இப்ப என்ன பண்ணணும் மச்சான்?"

"கையை எடுங்க."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சர்வஞானியின் கை தானாக மவுஸ் பக்கம் போனது. அதைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். நேரம் ஆனதும் மைத்துனர் தலையசைக்க, ஒரே ஒரு தடவை அமுக்கினார். திரையில் பெட்டி வந்து நின்றது.

மேலாளர் ஓடி வந்தார். "அப்பாடா! யாரு சரி பண்ணது?"

"இவர்தான் சார்" என்று மைத்துனர் முந்திக்கொண்டார். "எங்க பெட்டியிலதான் கோளாறு. அப்படியே எழுதிக் குடுத்துடறேன்."

சர்வஞானிக்கு முகம் சுட்டது. கன்னத்தில் ஓர் அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"பெட்டியில ஒண்ணுமில்ல சார். கெடுத்தது நான். மச்சான்தான் வந்து..." குரல் பாதியில் கம்மிவிட்டது.

"என்னது? யாரு வந்து?" என்று மேலாளர் காதைக் கொடுத்தார்.

அறையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். சர்வஞானி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எங்க மச்சான் சார். என் வீட்டுக்காரியோட அண்ணன். இத்தனை நாள் நான்தான் சொல்லல."