மிக்ஸிக்கு முன்னால் எடுத்த மாதிரி

எங்கள் பராமரிப்பு இல்லத்துச் சமையலறையில் எனக்கு 'சோப்பு அக்கா' என்று பட்டப்பெயர். நேரில் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கை கழுவாமல் வந்தால் மேனேஜரையும் வாசலிலேயே நிறுத்திவிடுவேன். இங்கே சாப்பிடும் முப்பது பேரும் நோயாளிகள். நமக்கு ஒரு நாள் வயிற்றுவலியோடு போவது அவர்களுக்கு உயிருக்கே உலை வைத்துவிடும்.

அவர்களில் ஐந்து பேருக்குச் சரியாக விழுங்க வராது. எதுவானாலும் மிக்ஸியில் கூழாக அடித்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த மிக்ஸியை நான் யாரையும் தொட விட்டதில்லை. பாத்திரம் கழுவும் தங்கச்சி ஒரு தடவை எடுத்துவிட்டாள் என்று அவளை அழ வைத்த ஆள் நான்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு வாந்தி, பேதி. பக்கவாதத்தில் பேச்சு போன கண்டக்டர் அண்ணன்தான் ரொம்பத் துவண்டுபோனார். மூன்று வருடமாக அவருக்கு மதியம் ஊட்டுவது நான். கையில் குளுக்கோஸ் ஏற, கண் மூடிக் கிடந்தவரைப் பார்த்துவிட்டு வந்து ஸ்டோர் ரூமில் அழுதேன்.

உணவுப் பாதுகாப்பு அதிகாரி சமையலறையைப் பூட்டினார். ஒவ்வொரு வேளை சாப்பாட்டிலும் ஒரு கரண்டி எடுத்து, டப்பாவில் போட்டு, தேதி எழுதி ஃப்ரிட்ஜில் வைப்போம். அந்த மாதிரி டப்பாக்களைப் பரிசோதனைக்கு எடுத்துப்போனவர் வெள்ளிக்கிழமை திரும்பி வந்தார்.

"மாதிரியில ஒண்ணும் இல்ல. நாளையிலேர்ந்து சமைக்கலாம்."

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "நான்தான் சொன்னேனே சார்! எங்க அக்கா கிச்சனுக்குள்ள ஈகூட செருப்பக் கழட்டிட்டுத்தான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாத்திரத்தை இறக்கியதும் முதல் கரண்டி டப்பாவுக்கு. அதுதான் என் வழக்கம். மிக்ஸி எல்லாம் அதற்கப்புறம்தான். அந்த நான்கு பேர் சாப்பிட்ட கூழ் டப்பாவுக்குள் போகவே இல்லை.

வாயை மூடிக்கொண்டு நின்றால் வேலையும் தப்பும், பெயரும் தப்பும். அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். நாளை அதே மிக்ஸியில் அடித்து அதே வாய்களுக்கு ஊட்ட வேண்டும்.

"சார், அது பாத்திரத்துலேர்ந்து எடுத்தது. அவங்க சாப்பிட்டது மிக்ஸியில அடிச்சது."

மேனேஜர் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார். மிக்ஸி வந்தது. ஜார் பளபளவென்று இருந்தது. அதிகாரி மூடியின் ரப்பரைக் கத்திமுனையால் நெம்பினார். அடியில் கறுப்பாக, பிசுபிசுவென்று பழைய கூழ். நாற்றம் குப்பென்று அடித்தது.

"இத யார் கழுவுறது?"

எல்லோரும் தங்கச்சியைப் பார்த்தார்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"நான்தான் சார். அவள நான் தொடவே விட்டதில்ல. ரப்பர் இறுகிப்போச்சு. கழட்டப் போயி கிழிஞ்சிட்டா அஞ்சு பேருக்கும் சாப்பாடு நின்னுடுமேன்னு, ரெண்டு மாசமா அப்படியேதான் கழுவிட்டு இருந்தேன்."

என்னைச் சமையலறையிலிருந்து விலக்கி எழுதினார்கள். பயிற்சி முடித்து வந்தால் யோசிப்போம் என்றார் மேனேஜர். நான் ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு நேராகக் கண்டக்டர் அண்ணன் அறைக்குப் போனேன். குளுக்கோஸ் ஊசியை எடுத்திருந்தார்கள். வெளியிலிருந்து வாங்கிவந்த கூழோடு நர்ஸம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மூன்று நாளுக்கப்புறம் அன்றுதான் அண்ணனுக்கு வாய்வழிச் சாப்பாடு.

"அண்ணே, உங்கள இப்படிப் படுக்க வெச்சது நான்தான். மிக்ஸிய ஒழுங்கா கழுவல."

அவருக்குப் பேச்சுதான் போயிற்று, சொல்வதெல்லாம் புரியும். வெகுநேரம் என்னையே பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்தேன். திருப்பிக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

நர்ஸம்மா கரண்டியை நீட்டினார். அண்ணன் உதட்டை இறுக்கிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.